ஆண்டவன் வீட்டுக்கும் வரியா?

தேவாலயங்களுக்கும் கோயில்களுக்கும் வரிவிலக்கு தேவையா என்று உலகமெங்கும் வாதம் நடக்கிறது. கெடாவின் தோட்டப்புறத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வரி பில்லே வராத வழிபாட்டிடங்களின் கதி என்ன?

மே மாதத்தின் கடைசி வாரத்தில் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் என்று எந்த ஊர் நில அலுவலகத்துக்குப் போனாலும் கூட்டம் வாசலிலேயே தெரியும். மே 31க்குள் நில வரியைக் கட்டியாக வேண்டும். ஜூன் 1 பிறந்துவிட்டால் அது பாக்கிக் கணக்கில் ஏறிவிடும். வரிசையில் நிற்பவர்களில் ஒரு தேவாலயத்தின் பொருளாளரும் இருப்பார். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் பில், பில்லில் லாட் எண். முகப்பில் நீட்டுகிறார், பணத்தைக் கட்டுகிறார், ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அதே வரிசையில் தோட்டத்துச் சிற்றாலயத்தின் பொறுப்பாளர் ஒருவர் போய் நின்றால்? பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே அந்தோணியார் சுரூபம், வாசற்படியில் பல வருடத்து மெழுகுக் கறை. அந்த இடத்துக்கும் வரி கட்டிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அவர் வந்திருக்கிறார். முதல் கேள்வியே லாட் எண்தான். அவரிடம் இருப்பது ஓர் உபயக் கணக்கு நோட்டும், திருநாளில் எடுத்த படங்களும், எப்போதோ இருந்த தோட்ட மானேஜர் எழுதிக் கொடுத்த கடுதாசியும் மட்டுமே. லயத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாரியம்மன் கோயில் தலைவர் வந்தாலும் இதே கதைதான். வரி வாங்கும் முகப்பு அவர்களிடம் வரி வாங்காது. விலக்கு கிடைத்ததால் அல்ல. அந்த இடம் அவர்கள் பெயரில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால்.

வழிபாட்டிடத்துக்கு வரிவிலக்கு கொடுக்கலாமா கூடாதா என்று பேசும்போது இந்த இருவரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஒருவருக்கு விலக்கு என்பது சில நூறு வெள்ளி மிச்சம். மற்றவருக்கு அது எட்டாத அங்கீகாரம்.

கடாரத்து அரசன் கேட்ட விலக்கு

இந்த விவாதத்தில் கெடாவுக்கு உலகமே வியக்கக்கூடிய ஒரு பழமை உண்டு. கெடா என்பது சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம். கடாரத்தை ஆண்ட சைலேந்திர மரபு அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். அதன் பராமரிப்புக்காக முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கினான். மகன் இராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். பிறகு 1025இல் அதே இராஜேந்திரனின் கடற்படை கடாரத்தின் மீது படையெடுத்தது. அதற்குப் பிறகும் விகாரம் நின்றது. 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, விகாரத்துக்குரிய ஊர்களைச் சில வரிகளிலிருந்து விடுவிக்கக் கேட்டார்கள். மன்னன் சம்மதித்தான். இந்த இரண்டு கொடைகளையும் சொல்லும் செப்பேடுகள் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை.

சைவ மன்னன், பௌத்தப் பள்ளி, கடல் தாண்டி வந்த கோரிக்கை. மதம் குறுக்கே வரவில்லை. அதைவிட முக்கியம், எந்த ஊர், எந்தெந்த வரி என்று பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். 900 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் படிக்க முடிவது அதனால்தான். நம் தோட்டத்து வழிபாட்டிடங்களுக்கு இல்லாமல் போனது அந்த எழுத்துதான்.

மூன்று வரி, இரண்டு அரசு

மலேசியாவில் வழிபாட்டிட வரி என்பது ஒரே வரி அல்ல. வருமான வரி கூட்டரசின் கையில். நில வரி மாநிலத்தின் கையில். ஊராட்சி மன்றம் வாங்கும் மதிப்பீட்டு வரி, நம் மக்கள் வாயில் சுக்காய் பிந்து, அதுவும் மாநிலத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

வருமான வரியில் சட்டம் தெளிவாக இருக்கிறது. லாப நோக்கமில்லாமல், வழிபாட்டுக்காகவோ மத வளர்ச்சிக்காகவோ மட்டுமே மலேசியாவில் நிறுவப்பட்ட அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு உண்டு. எந்த மதம் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

மதிப்பீட்டு வரியில்தான் நெருடல். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் கட்டடத்துக்கோ அதன் ஒரு பகுதிக்கோ விலக்கு அளிக்கலாம் என்கிறது. அளிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது மாநில அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆட்சி மாறினால் மனமும் மாறலாம். பக்கத்து மாநிலத்தில் ஒரு வழக்கம், இங்கே ஒரு வழக்கம் என்றும் ஆகலாம்.

■ பெட்டிச் செய்தி: எந்த வரி, எந்தச் சட்டம்?

• வருமான வரி: 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 6ஆம் அட்டவணை, 13ஆம் பத்தி. வழிபாட்டு அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு.

• மதிப்பீட்டு வரி: 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை விதிக்க இடமுண்டு. வழிபாட்டிடம், உரிமம் பெற்ற பொது இடுகாடு, பொதுப் பள்ளி, லாப நோக்கமற்ற அறப்பணி இடம் ஆகியவற்றுக்கு 134ஆம் பிரிவின் கீழ் விலக்கு அளிக்கலாம்.

• நில வரி: தேசிய நிலச் சட்டம். ஜனவரி 1இல் கட்ட வேண்டியதாகிறது, ஜூன் 1 முதல் பாக்கி. நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால் நிலத்தை மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

• கூட்டரசு அரசமைப்பு, 11ஆம் விதி: தன் மதமல்லாத மதத்துக்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒவ்வொரு மதக் குழுவுக்கும் சொத்து வாங்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு.

பில் வராத இடங்கள்

தோட்டத்து மக்கள் கோயிலையும் சிற்றாலயத்தையும் கட்டியபோது நிலம் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அன்று இல்லை. துரை தலையசைத்தார், கங்காணி இடம் காட்டினார், மக்கள் மரமும் தகரமும் சுமந்தார்கள். பல தோட்டங்களில் சம்பள நாளில் கோயில் காசு பிடித்துக்கொண்டார்கள். பால்மரம் வெட்டியவர்களின் காசில் எழுந்தது அந்தக் கட்டடம். ஆனால் அது நின்ற மண் கம்பெனியின் பட்டாவில் இருந்தது. கம்பெனி தன் மொத்த நிலத்துக்கும் நில வரி கட்டியது. கோயில் நின்ற மண்ணுக்கும் அதிலேயே வரி போனது. மக்கள் பெயர் எங்கும் ஏறவில்லை.

ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் தாமான் வந்தது. சுங்கை பட்டாணியைச் சுற்றியும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவைச் சுற்றியும் நிலத்தின் விலை வேறு கணக்காகிவிட்டது. தோட்டம் கைமாறும்போது புதிய உரிமையாளருக்கு வரைபடத்தில் லாட் எண்கள்தான் தெரியும். அந்தோணியாரும் முனியாண்டியும் தெரிவதில்லை.

இந்த இடத்தில் நம் மக்கள் பெரிதும் நம்புகிற வாதம் ஒன்று கைகொடுப்பதில்லை. ‘நூறு வருஷமாக இங்கே கும்பிடுகிறோம்’ என்பதுதான் அந்த வாதம். தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் உரிமை வராது என்கிறது. தனியார் நிலத்துக்கு 341ஆம் பிரிவும் அப்படியே சொல்கிறது. பத்து வருடமானாலும் நூறு வருடமானாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

2020 ஜூலையில் அலோர் ஸ்டார் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த ஸ்ரீ மதுரை வீரன் ஆலயம் மாநகர் மன்றத்தால் உடைக்கப்பட்டதை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோல கெடாவில் முனீஸ்வரர் ஆலயம் ஒன்றும் இடிக்கப்பட்டது. அரசியல் பேசியவர்கள் அரசியல் பேசினார்கள். அழுதவர்கள் அழுதார்கள். விவாதம் எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றே: நிலம் யார் பெயரில்?

அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருப்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். கெடா கத்தோலிக்கர்கள் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1957இல் வந்த சட்டத்தின்படி ஆயர் பதவியே நிலம் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சட்டப்பூர்வ ஆள். ஆயர்கள் வருவார்கள், போவார்கள். பதவியின் பெயரில் உள்ள பட்டா அப்படியே நிற்கும். சுங்கை பட்டாணியின் கிறிஸ்து அரசர் ஆலயம் போன்ற பட்டணத்து ஆலயங்களுக்குப் பின்னால் இப்படியொரு பலம் இருக்கிறது. மற்ற பெரிய திருச்சபைகளுக்கும் சொத்தை வைத்திருக்க அறங்காவலர் அமைப்புகள் உண்டு. தோட்டத்துச் சிற்றாலயத்துக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் இருப்பது ஒரு கமிட்டி மட்டும். அது சங்கப் பதிவிலாகாவில் பதியப்படாத கமிட்டியானால் அதன் பெயரில் ஒரு சாண் நிலம்கூட எழுத முடியாது.

புக்கிட் சீடிம் காட்டிய வழி

மாற்று வழியைக் காட்டியதும் இதே கெடாதான். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற அலையில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த நேரம். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய தவணைக் காசில் அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். நிலம் தொழிலாளர் சங்கத்தின் பெயரில் இருந்தால், அதன் மேல் நிற்கும் கோயிலின் கதி இன்னொரு முதலாளியின் மனதை நம்பி இருக்காது.

எல்லாத் தோட்டத்தையும் இனி வாங்கிவிட முடியாது. ஆனால் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி மாநிலத்தின் தோட்ட நில வாரியம் அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அனுமதிக்கு மாநில அரசு ஒரு நிபந்தனை வைக்கலாம்: விற்பனைக்கு முன் கோயில், சிற்றாலயம், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவை நிற்கும் மண்ணைத் தனி லாட்டாகப் பிரித்துக் கொடு. பெரிய தோட்டத்தில் இது ஒரு மூலை. கேட்பவர்கள் விற்பனைக்குப் பிறகு புல்டோசர் முன்னால் நின்று கேட்கக் கூடாது. விற்பனைக் கடுதாசி வாரியத்தின் மேசையில் இருக்கும்போது கேட்க வேண்டும்.

மாடிப்படி ஏறும் சபைகள்

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான்களில் குடியேறின. ஆராதனை இடங்களும் அவர்களோடு வந்தன. இன்று கெடாப் பட்டணங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைவீடுகளின் மாடியிலிருந்து தமிழ்ப் பாட்டு கேட்கும். கீழே டயர் கடையோ தையல் கடையோ. மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, ஐம்பது பேர்.

இந்தச் சபைகளுக்கு வரிவிலக்கு எட்டுவதில்லை. கட்டடம் தனியாருடையது. சுக்காய் பிந்து கடை விகிதத்தில் உரிமையாளருக்கு வருகிறது. உரிமையாளர் அதையும் வாடகையில் சேர்க்கிறார். ஆக, சொந்த நிலமும் மணிக்கூண்டும் உள்ள ஆலயம் விலக்கு பெற்றால் அந்த வரியைக் கட்டுவதில்லை. வாடகை மாடியில் கூடும் ஏழைச் சபை மறைமுகமாகக் கட்டுகிறது. விலக்கு பக்தியைப் பார்த்து வருவதில்லை, பட்டாவைப் பார்த்து வருகிறது. இருப்பவருக்கே கிடைக்கும் சலுகையை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

நூறு வெள்ளி கொடுத்தால்

கொடுப்பவர் பக்கமிருந்தும் பார்ப்போம். இஸ்லாமியர் செலுத்தும் ஸக்காத், கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்து அப்படியே கழிகிறது. நூறு ரிங்கிட் ஸக்காத் கொடுத்தவருக்கு வரி நூறு ரிங்கிட் குறையும். ஒரு தமிழ் ஆசிரியர், வரிக்குரிய வருமானம் 60,000 ரிங்கிட், அதாவது 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவர், வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற திருப்பணி நிதிக்கு நூறு ரிங்கிட் கொடுத்தால் அவருக்கு வரி 11 ரிங்கிட் குறையும். அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்புக்குள். காணிக்கைப் பையிலோ உண்டியலிலோ போட்டால் ஒரு காசும் குறையாது, ரசீது கிடையாது.

ஸக்காத் ஒரு மார்க்கக் கடமை, அதற்கென்று தனி நிர்வாகம் உண்டு, அதைக் குறைக்கக் கேட்பது நம் வேலையல்ல. நம் பக்கத்துக் கதவு பாதி திறந்தே கிடக்கிறது, நாம் நுழைவதில்லை என்பதுதான் ஆதங்கம். 44(6) அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப் பதிவு வேண்டும், ஒழுங்கான கணக்கு வேண்டும், தணிக்கை வேண்டும். இதற்குப் பயந்தே பல கமிட்டிகள் ஒதுங்கி நிற்கின்றன. அதனால் ஏற்படும் இழப்பு, சம்பளத்தில் பிடித்தம் போகக் கொடுக்கும் சாதாரண பக்தனுக்கு.

விலக்கு வேண்டாம் என்பவர்கள் சொல்வது

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மதித்துக் கேட்க வேண்டும். தைப்பூசத்துக்குச் சுங்கை பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணிய தேவஸ்தானத்தில் கூட்டம் அலைமோதுகிறது. மறுநாள் தெரு கூட்டுவது ஊராட்சி மன்றம். ஆலயத்துக்கு முன்னால் தெருவிளக்கு, வடிகால், குப்பை லாரி எல்லாம் உண்டு. ஒருவர் கட்டாததை ஊரில் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள், அவர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இருக்கிறார் என்பது அவர்கள் வாதம். கல்யாண மண்டபம் கட்டிச் சந்தை விலைக்கு வாடகை விடும் கோயிலையும், கடைகளை வாடகைக்கு விடும் ஆலயத்தையும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இந்த வாதத்தில் பாதி சரி. மண்டபமும் கடையும் வியாபாரம். அவற்றுக்கு வரி கட்டுவதே முறை. 134ஆம் பிரிவே ‘வழிபாட்டுக்கு மட்டுமே’ என்றும் ‘அதன் ஒரு பகுதி’ என்றும் சொல்லிப் பிரித்துப் பார்க்க வழி வைத்திருக்கிறது. கருவறையும் பீடமும் ஒரு கணக்கு. வாடகை வரும் மண்டபம் இன்னொரு கணக்கு.

மறுபாதி வாதம் சரியல்ல. தெருவிளக்கைப் பயன்படுத்துவதை மட்டும் பார்த்து, ஊருக்கு வரும் நன்மையைப் பார்க்காமல் விடுவது அரைக் கணக்கு. சுங்கை பட்டாணியின் கான்வென்ட் ஃபாதர் பாரே, அலோர் ஸ்டாரின் செயின்ட் மைக்கேல் போன்ற மிஷன் பள்ளிகளில் எல்லா இனப் பிள்ளைகளும் படித்தார்கள். தோட்டத்தில் கோயில் மண்டபமே பிள்ளைகளுக்குப் பாடம் நடந்த இடம், சாவு வீட்டுக்குப் பாய் கொடுத்த இடம், வேலை போனவனுக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்த இடம். அரசு செய்ய வேண்டியதில் ஒரு பங்கை அவை செய்தன, பில் அனுப்பாமல்.

■ பெட்டிச் செய்தி: வெளியே என்ன நடக்கிறது?

• இந்தியா: அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணிபுரியும் கத்தோலிக்கக் குருக்கள், கன்னியாஸ்திரீகளின் சம்பளத்தில் வரி பிடிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் சம்பளத்தைச் சபைக்கே தருகிறார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

• அமெரிக்கா: தேவாலயச் சொத்துக்கு வரிவிலக்கு அரசமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1970இல் வால்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

• இத்தாலி: திருச்சபையின் வணிகச் சொத்துகளுக்குக் கொடுத்த விலக்கால் கட்டப்படாத வரியை வசூலிக்க வேண்டியதில்லை என்ற ஐரோப்பிய ஆணையத்தின் முடிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது.

• ஜெர்மனி: திருச்சபை உறுப்பினரின் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபை வரியாக அரசே வசூலித்துக் கொடுக்கிறது. முறைப்படி விலகியவர் கட்ட வேண்டியதில்லை.

கணக்குக் காட்டுவது அவமானமா?

விலக்கு கேட்பவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது நம்மிடையே பலவீனம். சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபையில் சுமார் 5 கோடி சிங்கப்பூர் டாலர் சபைப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகத் தலைவர்கள் ஆறு பேர் 2015இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகியது. அந்தச் சபை பதிவு பெற்ற அறநிறுவனம். அதனால் அறநிறுவன ஆணையர் விசாரணைக்குள் நுழைய முடிந்தது. கணக்கு இல்லாத இடத்தில் தப்பு நடந்தால் கண்டுபிடிக்கக்கூட வழியில்லை.

நம் ஊர்களில் கமிட்டிச் சண்டை நீதிமன்றம் வரை போவதற்கும், பொதுக்கூட்டத்தில் நாற்காலி பறப்பதற்கும் பெரும்பாலும் காரணம் உண்டியல் கணக்குதான். சங்கமாகப் பதிந்த எந்த ஆலயமும் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யும் ஆலயம் எந்த அதிகாரி முன்னாலும் தலைநிமிர்ந்து நிற்கும். செய்யாத ஆலயம் எத்தனை கும்பாபிஷேகம் நடத்தினாலும் கடுதாசி கேட்கும் நாளில் திணறும்.

விலக்கு தொடரட்டும், இப்படி

வழிபாட்டிடங்களுக்கு வரிவிலக்கு இருக்க வேண்டும். காரணம் எளிது: வரி போடும் அதிகாரம் மூடும் அதிகாரமாகவும் மாறக்கூடும். ஐந்து குடும்பம் கூடும் சிற்றாலயத்துக்குப் பட்டண விகிதத்தில் வரி வந்தால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். சிறுபான்மையினரின் வழிபாடு வரவுசெலவுக் கணக்கை நம்பி இருக்கக் கூடாது.

ஆனால் இன்றிருக்கும் முறை போதாது. மாநில அரசிடம் மூன்று கோரிக்கைகள். ஒன்று, 134ஆம் பிரிவின் கீழ் விலக்குக்கான தகுதியை எல்லா மதத்துக்கும் ஒரே மாதிரி எழுதி வெளியிட வேண்டும். ‘அளிக்கலாம்’ என்பது ஆளைப் பார்த்து மாறக் கூடாது. இரண்டு, தோட்ட நிலம் கைமாறும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் வழிபாட்டிடங்களின் பட்டியலைக் கேட்டு, அந்த மண்ணைப் பிரித்துக் கொடுத்த பிறகே அனுமதி வழங்க வேண்டும். பெயரளவு நில வரி போட்டாலும் சரி, பட்டா வேண்டும். மூன்று, வாடகை மாடியில் கூடும் சபைகளுக்கும் விலக்கின் பயன் போய்ச் சேர ஒரு வழி காண வேண்டும்.

ஆலயங்களிடமும் மூன்று: பதிவு செய்யுங்கள், கணக்கை வெளியிடுங்கள், வாடகை வருமானத்துக்கு மறைக்காமல் வரி கட்டுங்கள்.

■ பெட்டிச் செய்தி: அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டியவை

1. நம் ஆலயம் நிற்கும் நிலம் யார் பெயரில்? நில அலுவலகத்தில் பட்டா நகல் எடுத்துப் பார்த்தோமா?
2. சங்கப் பதிவு உயிரோடு இருக்கிறதா? கடைசி ஆண்டறிக்கை எந்த வருடத்துடையது?
3. மதிப்பீட்டு வரி விலக்குக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தோமா? பதில் கடிதம் எங்கே?
4. திருப்பணி நிதிக்கு 44(6) அங்கீகாரம் கேட்டோமா?
5. தோட்டம் விற்கப்படும் என்ற பேச்சு இருந்தால், தோட்ட நில வாரியத்துக்கு நாம் இன்று எழுதும் கடிதத்தில் யார் யார் கையெழுத்திடுகிறார்கள்?

கெடா சட்டமன்றத்தில் நம் வழிபாட்டிடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் கோபத்தோடு போகிறோம். கோபம் நியாயமானது, ஆனால் அதற்கு லாட் எண் கிடையாது. நம் பாட்டன்மார் மாதச் சம்பளத்தில் கொடுத்த கோயில் காசுக்கு இந்த மண்ணில் ஓர் உரிமை எழுதப்பட வேண்டும். அதை எழுத வைக்கும் வேலை தேர்தல் மேடையில் நடக்காது. ஒவ்வொரு ஆலயத்தின் பொருளாளர் மேசையிலும் இந்த மாதமே தொடங்க வேண்டும்.